கந்தசாமியின் குரலுக்கு ஓடிய வண்டி

பழைய ரயில் டிப்போவைப் புதுப்பித்துக் காட்சிசாலை ஆக்கித் தசராவுக்குள் திறக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது கந்தசாமி தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். திறப்பு விழாவில் பழைய எஞ்சின் ஒன்றுக்கு நெருப்பேற்றி ஓட்டிக் காட்டுவார்கள், ஓட்டப் போகிறவர் ரிட்டயரான டிரைவர் எட்வர்டு என்று கேட்டதும்தான் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவிவிட்டாராம். அவர் மனைவி பழனாத்தாள் இதை என்னிடம் பெரிய குறையாகச் சொன்னாள்.

"பழகுன மனுசன் ஓட்டறாருன்னா சந்தோசந்தானுங்களே படோணும்? இவரு எழவு விழுந்தாப்பல உக்காந்திருக்காருங்க, வாத்தியாரே."

நான் அவர்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரன். பெயர் கொர்னேலியஸ். மைசூரில் குடியிருந்துகொண்டு நஞ்சன்கூட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் போதித்தவன். காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்புவேன். எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று என் மனைவி மோலி சொல்வாள். இருக்கலாம். கரும்பலகையைத் துடைக்காமல் போகிற வாத்தியார், கதவருகே மூட்டையைப் போட்டுக்கொண்டு வழிவிடாத பிரயாணி, யாரைப் பார்த்தாலும் எனக்குப் பொங்கிக்கொண்டு வரும். டிரைவர் எட்வர்டு மேலும் எனக்கு ஒரு கோபம் இருந்தது. பிலோமினா கோயில் வாசலில் ஞாயிற்றுக்கிழமை நான் எதிரே வந்து ஸ்தோத்திரம் சொன்னால், நேராக என் முகத்தைப் பார்த்தபடியே பேசாமல் போய்விடுவார். என்ன திமிர் இந்த மனுஷனுக்கு, எஞ்சின் ஓட்டினால் வானத்தில் இருந்து குதித்து விட்டாரா என்று நான் பல ஞாயிறுகள் பூசையில் மனம் ஒட்டாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அதுதான் விஷயம். எட்வர்டுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. அது ஒரு வைத்தியரை விட்டால் உலகத்தில் அவருக்கும் கந்தசாமிக்கும் மட்டும் தெரியும். எட்வர்டின் மனைவி விக்டோரியாவுக்குக்கூடத் தெரியாது. பின்னாளில் கந்தசாமி வாயாலேயே இதையெல்லாம் ஒன்றுவிடாமல் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதனால் முன்பின்னாக இல்லாமல் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

கந்தசாமி ஹனூர்ப் பக்கத்துக்காரர். மழை பொய்த்த ஒரு வருஷத்தில் ஊரை விட்டு வந்து, இந்த டிப்போவில் கூடையில் கரி சுமக்கிற வேலையில் சேர்ந்தார். மகாராஜா காலத்து ரயில்வே அது. ஆள் திடகாத்திரம், வாய் மட்டும் கொஞ்சம் பெரிசு. மெதுவாகப் பேசவே வராது. அவர் வீட்டில் உப்புக் கேட்டால் எங்கள் வீட்டில் மோலி உப்பு ஜாடியை எடுப்பாள். அந்தக் குரலைக் கேட்டுத்தான் எட்வர்டு அவரைத் தன் எஞ்சினுக்கு எடுத்துக்கொண்டார் என்று சொல்வார்கள். எஞ்சின் இரைச்சலில் காதில் விழுகிற மாதிரி பேசுகிற ஆள் கிடைப்பது கஷ்டமாம்.

எஞ்சின் நெருப்பில் கரி போடுகிற ஃபயர்மேனாகச் சேர்ந்த புதிதில் கந்தசாமி ஒரு பெரிய தப்புச் செய்துவிட்டார். பாய்லரில் தண்ணீர் குறைவதைக் கவனிக்கவில்லை. அப்படிக் குறைந்தால் உள்ளே இருக்கிற ஈய அடைப்பு உருகி, நீராவி நெருப்பின் மேல் கொட்டிவிடும். எஞ்சின் வழியிலேயே செத்துப்போயிற்று. இதற்கு வேலையை விட்டே அனுப்புவார்கள். விசாரணையில் எட்வர்டு, "தண்ணி பார்க்கிற பொறுப்பு என்னோடது, நான்தான் அசந்துட்டேன்" என்று சொல்லிவிட்டார். பிரயாணிகள் வண்டியிலிருந்து அவரை இறக்கி, ஷெட்டுக்குள்ளேயே பெட்டிகளை இழுக்கிற எஞ்சினில் வெகுநாள் போட்டார்கள். அதைப் பற்றி அவர் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. கந்தசாமியும் மறந்ததில்லை.

பிறகு சுதந்திரம் வந்தது, மகாராஜாவின் ரயில்வே மத்திய சர்க்காரோடு சேர்ந்தது, சட்டையில் பித்தான் மாறியது. அந்தச் சமயத்தில்தான் எட்வர்டுக்கு நேரே பார்த்தால் நடுவில் புகை மூட்டினாற்போல ஆக ஆரம்பித்தது. ஓரங்கள் தெரியும். நடக்க, படியேற, சாப்பிட ஒரு தொந்தரவும் இல்லை. எதை உற்றுப் பார்க்கிறாரோ அது மட்டும் தெரியாது. நெருப்புக்குள் பார்த்துப் பார்த்து நரம்பு வாடிவிட்டது என்று ஒரு தனி வைத்தியர் சொன்னாராம். ரிட்டயர் ஆக இன்னும் சில வருஷங்கள் பாக்கி. இரண்டு பெண்கள் கல்யாணத்துக்கு நின்றார்கள். குடியிருந்ததோ ரயில்வே வீடு.

எஞ்சினில் ஒரு வழக்கம் உண்டு. தூரத்தில் சிக்னல் கைகாட்டி தெரிந்ததும் டிரைவரும் ஃபயர்மேனும் அது இறங்கியிருக்கிறதா இல்லையா என்று ஒருவருக்கொருவர் சத்தமாகச் சொல்லிக்கொள்ள வேண்டும். இறங்கியிருந்தால் "ரைட்". இறங்காமல் நின்றால் "டேஞ்சர்". ஒருவர் கூப்பிட்டதை மற்றவர் திருப்பிக் கூப்பிட வேண்டும். இரண்டு ஜோடிக் கண்கள் பார்த்தன என்பதற்கு அதுதான் சாட்சி. எட்வர்டின் எஞ்சினில் ஃபயர்மேன் முதலில் கூப்பிட்டார். டிரைவர் அதைக் கேட்டுத் திருப்பிச் சொன்னார். வெளியே இருந்து கேட்கிறவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் பார்த்தது ஒரே ஒரு ஜோடிக் கண்கள்தான். பின்னால் பெட்டி பெட்டியாக ஜனங்கள் உட்கார்ந்திருந்தோம்.

கண் பரிசோதனையும் வந்தது. கந்தசாமிதான் முன்னால் உள்ளே போய், அட்டையில் இருந்த எழுத்துகளை வரிசையாக மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்து, வராந்தாவில் காத்திருந்த எட்வர்டின் காதில் ஓதினார். இங்கிலீஷ் எழுத்தே சரியாகத் தெரியாத மனுஷன், அதைச் சாமி பாட்டு மாதிரி உருப்போட்டிருக்கிறார். என் வகுப்பில் ஒரு பயலும் வாய்ப்பாட்டை அந்தச் சிரத்தையோடு படித்ததில்லை.

இதற்கு விலை அவரும் கொடுத்தார். டிரைவர் ஆகிற பரீட்சைக்குக் கூப்பிட்டபோதெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் மேலே போனால் எட்வர்டின் எஞ்சினுக்கு வேறு ஃபயர்மேன் வருவான். எங்கள் தெருவில் எல்லாரும் அவரைச் சோம்பேறி என்றோம். "என்ன கந்தசாமி, கரிமேல அவ்வளவு காதலா?" என்று நானே வாசலில் வைத்துக் கிண்டல் செய்திருக்கிறேன். பழனாத்தாள் மாதக்கணக்கில் அவரோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தாள். தூக்கத்தில் திடீரென்று எழுந்து உட்கார்ந்து "ரைட்" என்று கத்துகிறார், பேய் பிடித்திருக்கிறது, மந்திரிக்க வேண்டும் என்று என்னிடம் யோசனை கேட்டாள். நான் ஒரு கிறிஸ்தவன், என்னிடம் போய்!

ஒரு மார்கழிக் காலை நல்ல மூடுபனி. கைகாட்டி மரமே தெரியவில்லை. வண்டியை நிறுத்தியிருக்க வேண்டும். முன்னே எட்டிப் பார்த்துக் கந்தசாமி தேடிக்கொண்டிருக்கும்போதே எட்வர்டு, "என்ன கந்தா, என்ன?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் இருந்த பயத்தைத் தாங்க முடியாமல் கந்தசாமி "ரைட்" என்று கத்திவிட்டார். பார்க்காமல் சொன்ன ரைட். எட்வர்டும் "ரைட்" என்றார். கைகாட்டி உண்மையிலேயே இறங்கித்தான் இருந்தது, ஒன்றும் நடக்கவில்லை. அன்றைக்குத் திரும்பி வந்ததும் கந்தசாமி ஷெட்டுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தாராம். அந்த வண்டியில் நானும் இருந்திருப்பேன். விடுப்பு எடுக்கிற வழக்கம் எனக்குக் கிடையாது.

எப்படியோ எட்வர்டு மாலை மரியாதை எதுவும் இல்லாமல் ரிட்டயர் ஆனார். அப்பாடா என்று கந்தசாமி மூச்சுவிட்டு இரண்டு வருஷம் ஆகவில்லை, இந்தக் காட்சிசாலை வந்து சேர்ந்தது.

சாப்பாட்டில் பாதியில் எழுந்த மறுநாள் கந்தசாமி எட்வர்டின் வீட்டுக்குப் போனார். முடியாது என்று சொல்லிவிடுங்கள் என்று கேட்பதற்குத்தான் போனார். அங்கே விக்டோரியா பெட்டியிலிருந்து பழைய கோட்டை எடுத்து வெயிலில் போட்டிருந்தாள். மூத்த பெண்ணும் மருமகனும் பெங்களூரிலிருந்து வருகிறார்கள் என்றாள். அவள் உள்ளே காபி போடப் போனபோது கந்தசாமி குரலை எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்தினார்.

"வேண்டாமுங்க, டிரைவரய்யா. ஒடம்பு சரியில்லன்னு சொல்லிப் போடுங்க."

"ஏன் கந்தா, சும்னே காரணமில்லாம பயப்படற? நூறு கஜம்கூட இருக்காது. ஷெட்டுல இருந்து தண்ணித் தொட்டி வரைக்கும் போய் நிக்கணும். அதுக்குக் கண்ணு எதுக்குப்பா? அந்த லைன் எனக்குக் காலுக்கே தெரியும்."

"லைனு தெரியுமுங்க. லைன்ல வந்து நிக்கிற ஆளு தெரியோணுமல்லங்க?"

எட்வர்டு வெயிலில் கிடந்த கோட்டின் பக்கம் திரும்பினார். அப்புறம் சொன்னார். "இத்தனை வருஷம் ஓட்டினேன். விக்டோரியா ஒரு நாள்கூட நான் எஞ்சின்ல நிக்கறத பார்த்ததில்ல. ஒரு தடவை பார்க்கட்டும். நீ பக்கத்துல இருப்பேல்ல? ஃபயர்மேன் கந்தசாமி இருந்தாத்தான் ஓட்டுவேன்னு ஆபீஸ்ல சொல்லிட்டேன். ஒத்துக்கிட்டாங்க."

கந்தசாமியால் அதற்குமேல் மறுக்க முடியவில்லை. தான் பக்கத்தில் இருந்தால் சரி என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு திரும்பினார்.

திறப்பு விழா அன்று எங்களையும் வரச் சொன்னார். மோலிக்குக் காய்ச்சல், வரவில்லை. கந்தசாமி, பழனாத்தாள், அவர்களுடைய நாலு வயசுப் பெண் ராணி, நான், எல்லாரும் ஒரு ஜட்கா பிடித்துப் போனோம். கந்தசாமி கஞ்சி போட்டுத் தேய்த்த காக்கியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். பழனாத்தாள் அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தாள். தன் புருஷன் இல்லாமல் டிரைவர் எஞ்சின் ஏற மாட்டேன் என்று சொன்னது அவள் காதுக்கும் வந்திருந்தது.

டிப்போவைப் பார்த்தால் எனக்கே அடையாளம் தெரியவில்லை. கரிப்புகை படிந்து யானைத் தோல் மாதிரி கிடந்த சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். உடைந்த ஓடுகளை மாற்றியிருந்தார்கள். எஞ்சினைத் திருப்புகிற வட்டமேடைக் குழியைச் சுற்றிச் சங்கிலி, சங்கிலிக்கு வெளியே துலுக்கச் செவ்வந்திச் செடிகள். உள்ளே பழைய கைவிளக்குகள், மணியாக அடித்த தண்டவாளத் துண்டு, டிக்கெட்டில் தேதி குத்துகிற யந்திரம் எல்லாம் மேஜைமேல் வரிசையாக இருந்தன. கரி அள்ளுகிற சவள் ஒன்றுக்கு வெள்ளிச் சாயம் பூசிச் சுவரில் மாட்டியிருந்தார்கள். "தொடாதீர்கள்" என்று கன்னடத்திலும் இங்கிலீஷிலும் பலகை. கந்தசாமி அதன் எதிரே கொஞ்ச நேரம் நின்றார்.

"இதத் தொடாத இருக்கோணும்னு நான் எத்தன நாளு வேண்டியிருக்கறேன், வாத்தியாரே" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. வெளியே எஞ்சின் மெதுவாகப் பெருமூச்சு விடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

எஞ்சினுக்குக் கறுப்புச் சாயம் அடித்து, பித்தளையைத் துலக்கி, நெற்றியில் செவ்வந்தி மாலை போட்டிருந்தார்கள். எட்வர்டு முன்பே ஏறி நின்றுவிட்டார். வெயிலில் போட்ட கோட்டுதான். முன்வரிசை நாற்காலியில் விக்டோரியா, மகள், மருமகன். கந்தசாமி போய் ஏணியில் கைவைத்தார். அப்போது விழாவை நடத்திய அதிகாரி வந்து அவரைத் தடுத்தார். பெரிய ஷெட்டிலிருந்து ஒரு ஃபயர்மேன் காலையிலிருந்தே நெருப்பைப் பார்த்துக்கொள்கிறார், தானும் தன் விருந்தாளி ஒருவரும் மேலே நிற்கப் போகிறோம், இன்னொரு ஆளுக்கு இடம் இல்லை என்றார்.

"நான் இல்லாத அவரு ஓட்ட மாட்டாருங்க" என்றார் கந்தசாமி.

"ஏன், நீ என்ன மாப்பிள்ளைத் தோழனா?" என்று அதிகாரி கேட்டதும் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கந்தசாமி நிமிர்ந்து எட்வர்டைப் பார்த்தார். எட்வர்டு காதில் எல்லாம் விழுந்தது. அந்த இடத்தில் அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கந்தா வராமல் முடியாது என்று இறங்கியிருக்கலாம். நாற்காலி வரிசைப் பக்கம் முகத்தைத் திருப்பினார். விக்டோரியாவின் முகம் அவருக்குத் தெரிந்திருக்காது, ஆனால் அவள் அங்கே இருக்கிறாள் என்று தெரியும். விசில் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டார். கந்தசாமி உண்மையைச் சொல்லலாம். வாயைத் திறந்தார், மூடினார். ஏணியிலிருந்து கையை எடுத்துவிட்டு எங்கள் பக்கம் வந்தார்.

"என்னுங்க, ஏறலீங்களா?" என்றாள் பழனாத்தாள். ஏமாற்றம் அவள் முகத்தில் அப்படியே தெரிந்தது.

அவர் கூட்டத்தை இடித்துக்கொண்டு, ஜனங்களைத் தடுக்கத் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் கட்டியிருந்த கயிற்றோரமாக முன்னே போனார். ராணியை இடுப்பில் தூக்கிக்கொண்டு பழனாத்தாள் பின்னால் ஓடினாள். வேறு வழியில்லாமல் நானும் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஜடையன் என்கிற, தடம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன் பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியுமாக நின்றான். பச்சைக் கொடி காட்டினான். எஞ்சின் ஒரு விசில் கொடுத்து நகர்ந்தது. ஜனங்கள் ஆரவாரம் செய்தார்கள். வழியெல்லாம் கட்டியிருந்த பூச்சரம் ஒன்று அறுந்து தண்டவாளத்தின் மேல் விழுந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பூவைக் கட்டிக் கொடுத்த பசம்மா மட்டும் எடுத்துக்கொண்டாள். கயிற்றுக்கு அடியில் குனிந்து போய், தண்டவாளத்தின் நடுவில் உட்கார்ந்து, சரத்தை உதறி உதறிச் சுருட்ட ஆரம்பித்துவிட்டாள். அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம்.

ஜடையன் பச்சையை எறிந்துவிட்டுச் சிவப்பைத் தூக்கி ஆட்டினான். நான் எஞ்சினைப் பார்த்தேன். எட்வர்டு வெளியே தலையை நீட்டி நேராக அந்தக் கொடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கோயில் வாசலில் என்னைப் பார்ப்பாரே, அதே பார்வை. கொடி ஆடுகிறது, அவர் பார்க்கிறார், எஞ்சின் வந்துகொண்டே இருக்கிறது. புது ஃபயர்மேன் குனிந்து நெருப்பில் கரி போட்டுக்கொண்டிருந்தான். அதிகாரி தம் வீட்டாருக்குக் கையசைத்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றுமே புரியவில்லை.

"டேஞ்சர்!"

கந்தசாமியின் குரல் என் காதை அடைத்தது. அப்படி ஒரு சத்தத்தை நான் அதுவரை அவரிடம்கூடக் கேட்டதில்லை.

"டேஞ்சர்!" என்று எஞ்சினிலிருந்து எட்வர்டின் குரல் உடனே திரும்பி வந்தது. அடுத்த கணம் பிரேக் பிடித்துச் சக்கரம் கிறீச்சிட்டு, நீராவி பீய்ச்சி, எஞ்சின் குலுங்கி நின்றது. பசம்மா பூச்சரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்தாள். ஜடையன் ஓடிப்போய் அவளை இழுத்து வெளியே கொண்டுவந்தான்.

ஜனங்கள் கை தட்டினார்கள். என்ன சொல்ல! அதையும் விழாவில் ஒரு அங்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். அதிகாரி சமாளித்துக்கொண்டு, "இப்படித்தான் டிரைவரும் ஃபயர்மேனும் ஒருவருக்கொருவர் கூப்பிட்டு வண்டியைப் பத்திரமாக ஓட்டுவார்கள்" என்று கன்னடத்தில் உரக்க விளக்கம் சொன்னார். "இன்னொந்து சல, இன்னொந்து சல!" என்று கூட்டம் மறுபடியும் ஒரு முறை கேட்டது. எனக்கு அவர்கள் எல்லாரையும் பெஞ்சுமேல் ஏற்றி நிற்க வைக்க வேண்டும் போலிருந்தது.

எட்வர்டு மறுபடி ஓட்டவில்லை. ஏணியில் ஒவ்வொரு படியாகக் காலால் துழாவி இறங்கினார். கந்தசாமி கீழே போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"யாரு கந்தா, லைன்ல?"

"பூக்கார அம்மாங்க."

"அடி பட்டுச்சா?"

"இல்லீங்க. தள்ளித்தான் நின்னுச்சு."

எட்வர்டு சிலுவை போட்டுக்கொண்டார். விக்டோரியா ஓடி வந்து, எல்லார் எதிரிலும் அவர் கையைப் பிடித்து, "எவ்வளவு அழகா நிறுத்தினீங்க!" என்றாள். அந்த மனுஷன் தலையைக் குனிந்துகொண்டார். அந்த நிமிஷத்தில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. என் கோபம், கோயில் வாசல், கொடியைப் பார்த்தும் நிற்காத எஞ்சின், ஒன்றோடொன்று வந்து சேர்ந்தன. திரும்பிப் பார்த்தேன். பழனாத்தாள் எட்வர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் விளங்கிவிட்டது என்று அவள் முகமே சொன்னது.

வீட்டுக்குத் திரும்ப ஜட்கா பிடித்தோம். நான் முன்னால் வண்டிக்காரரோடு உட்கார்ந்துகொண்டேன். அவர்கள் பின்னால். ராணி அம்மா மடியில் தூங்கிவிட்டாள். டிப்போவின் வாசல் தாண்டி, புளியமரச் சாலை தாண்டி, வண்டி கடைத்தெருவுக்குள் நுழைந்தது.

"அவருக்குக் கண்ணு தெரியாதுங்களா?" என்றாள் பழனாத்தாள்.

"ம்."

"ரிட்டயர் ஆகறதுக்கு முன்னாலயேவா?"

"முன்னாலயேதான்."

"அதுக்குத்தான் பரீச்சைக்குப் போவாத இருந்தீங்களா?"

கந்தசாமி மறுபடியும் ஒரு "ம்" போட்டார். அதைப் பதிலாக அவள் எடுத்துக்கொண்டாள். எத்தனையோ வருஷம் அவரைச் சோம்பேறி என்று பேசியதற்கு அவள் வருத்தப்படப் போகிறாள் என்று நான் நினைத்தேன். நான் நினைத்தது தப்பு.

"ராணி பொறந்து மூணாம் மாசம் சாமராஜநகரம் வரைக்கும் ரயிலு ஏறி, அங்கிருந்து பஸ்ஸு புடிச்சு ஊருக்குப் போனனே. அதுவும் அவரு ஓட்டுன வண்டிதானுங்களே?"

"ஆமாம் புள்ள."

"பச்சக் கொழந்தைங்க. கையில தூக்கிக்கிட்டு வந்து உங்ககிட்டத்தானே காட்டிட்டு ஏறுனேன். சிரிச்சுக்கிட்டுத்தானே கரியள்ளிப் போட்டீங்க. அன்னைக்காச்சும் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லோணும்னு தோணலீங்களா? இந்த வண்டீல ஏறாத, பஸ்ஸுல போன்னு?"

அவள் குரல் உயரவே இல்லை. அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது. கந்தசாமி அவசரமாக, அவளைத் தேற்றுகிற மாதிரி சொன்னார்.

"நீ பயப்படற மாதிரி இல்ல புள்ள. நீ வண்டீல இருக்கற அன்னைக்கெல்லாம் நான் ஒவ்வொரு கைகாட்டிக்கும் ரெண்டு தடவ கூப்புடுவேன். கரியக்கூடப் போடாம அதையே பாத்துக்கிட்டு நிப்பேன். அவரு ரெண்டு தடவயும் திருப்பிச் சொன்னாத்தான் எனக்கு மூச்சு வரும். உன்னைய அப்புடி உட்டுருவனா?"

அவர் அதை உண்மையாகவே ஆறுதலாகத்தான் சொன்னார். நல்ல மனுஷன் அவர், இப்போதும் நான் அப்படித்தான் சொல்வேன். பழனாத்தாள் குழந்தையின் தலைமேல் இருந்த கையை எடுக்கவில்லை.

"நானு வருசத்துல ரெண்டு நாளு ஏறுவனுங்க" என்றாள். "மத்த நாளெல்லாம்?"

ஜட்கா ஓடிக்கொண்டிருந்தது. எதிரே வந்த மாட்டுவண்டிக்கு வழிவிட்டு மறுபடி ஓடியது.

"எனக்குச் சொல்ல வேண்டாமுங்க. வாத்தியாரு முன்னால உக்காந்திருக்காரு. தெனமும் ஏறுனவரு. அவருகிட்டச் சொல்லுங்க."

நான் திரும்பவில்லை. எதற்கெல்லாமோ கோபப்பட்டவன் நான். நியாயமாகக் கோபப்பட வேண்டிய ஒரே இடத்தில் எனக்குக் கோபம் வரவில்லை. நஞ்சன்கூடு வண்டியில் என் பக்கத்து இருக்கையில் வருகிற நர்ஸம்மா, வாழையிலைக்கட்டுக்காரர், அமாவாசைக்கு அமாவாசை கோயிலுக்குப் போகிற கிழவர், இவர்கள் முகம்தான் கண்முன்னே வந்தது.

பின்னால் கந்தசாமி என் பக்கமாக நகர்வது கேட்டது. அந்தக் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"மத்த நாளெல்லாம் ஒரு தடவதானுங்க, வாத்தியாரே" என்றார் கந்தசாமி.